காலர் கணக்கு

மோபினி ஆலையில் என் கைக்கு
மணிக்குத் தொண்ணூறு காலர்.
பதினாறு வருடம்.
நேரம் எனக்கு நிமிடமாக வருவதில்லை,
காலராகத்தான் வருகிறது.

முதல் டாக்டர் தியாஷனுக்கு ஒதுக்கியது பத்துக் காலர்.
அதில் நாலு அவர் கைப்பேசிக்குப் போயிற்று.
சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தவனை
ஒரு தடவை பார்த்தார்,
சீட்டைக் கிழித்தார்.
"மாத்திரை போட்டா அடங்கிடுவான்."
ஐந்நூற்றைம்பது ராண்ட்.

அடக்கித் தாருங்கள் என்று நான் கேட்டு வரவில்லையே.
இதைச் சொல்ல வாய் வந்தது
சாட்ஸ்வொர்த் பஸ்ஸில், ஏழாம் யூனிட் ஏற்றத்தில்,
டிரைவரின் பாட்டுச் சத்தத்துக்குள்.

மாத்திரை மேல் எனக்குக் கோபமில்லை.
சர்க்கரைக்கு இரண்டு வேளை விழுங்குகிறவள் நான்.
ஆனால் அதற்கு முன்னால்
என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

கொழுந்தன் சொன்ன மருந்து பெல்ட்.
நாத்தனார் கலர் சோடாவை நிறுத்தச் சொன்னாள்.
கூடாரச் சபைக்குப் போகிற பக்கத்து வீட்டு எஸ்தர்
மூன்று ஞாயிறு உபவாசம் இருந்தாள், பாவம், நிஜமாகவே.
கோவில் கமிட்டிச் செயலாளர்
"ஆம்பளப் பிள்ளை அப்படித்தான், நானும் அப்படித்தான்" என்றார்.
அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பதில் சொல்லவில்லை.

மிஸ் படயாச்சி கொடுத்தனுப்பிய தாளில்
கேள்விக்கு நாலு கட்டம்:
இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும்.
மோட்டார் பொருத்தியது போல் ஓடுகிறானா?
என் மெஷினிலும் மோட்டார் உண்டு.
காலை எடுத்தால் நின்றுவிடும்.
இவனுக்கு மிதி எங்கே இருக்கிறதென்று
யார் காலுக்கும் தெரியவில்லை, அவன் காலுக்கும்.
"எப்போதும்" என்று குறித்தேன். அழித்தேன். மறுபடி குறித்தேன்.
எங்கள் தெருவில் எந்த நாய்
எந்தக் காலில் நொண்டுகிறதென்று அவனுக்கு மனப்பாடம்.
அதற்குக் கட்டம் இல்லை.

தனியார் பரிசோதனைக்குக் கேட்டது
என் ஒரு மாதச் சம்பளமும் வாடகையில் பாதியும்.
அரசு ஆஸ்பத்திரி வரிசையில் எட்டு மாதம்.
லட்சத்து இருபதாயிரம் காலர்.
திங்கள்தோறும் தேநீர் இடைவேளையில் போன் போட்டேன்:
"யாராவது வராமல் போனார்களா?"
பிறர் பிள்ளை வராமல் போகட்டும் என்று
வேண்டிக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் உறைத்தது.
அடுத்த திங்களும் போட்டேன்.

ஒரு வியாழன் இடம் கிடைத்தது.
நொம்பூசோ என்று பெயர். கோட்டு இல்லை.
காது பார்த்தாச்சா, கண், தூக்கம், இரும்புச்சத்து
என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு,
மேசைக்கு அடியில் புகுந்துவிட்டவனைப் பின்தொடர்ந்து
அவளும் தரையில் உட்கார்ந்தாள்.
"வகுப்பில் எது ரொம்ப சத்தம் போடும்?"

அதை நான் கேட்டதே இல்லை.
எட்டு வருடமாக அவன் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

"டியூப்லைட்" என்றான்.
"எந்த டியூப்லைட்?"
"ஜன்னல் பக்கத்திலிருந்து இரண்டாவது."

அன்றைக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை அவள்.
இன்னும் இரண்டு பேர் பார்க்க வேண்டும்,
மிஸ் எழுதியதும் என்னுடையதும் ஒத்துப்போகவில்லை,
அதுவும் ஒரு தகவல்தான் என்றாள்.
மாத்திரை வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் போகலாம்.
பள்ளிக்கு ஒரு கடிதம்: இடம் மாற்றி உட்கார வையுங்கள்.
அறுபது காலர் ஆகியிருந்தது. எண்ணியதை வெளியே வந்து கவனித்தேன்.

அந்த நாள் சம்பளம் பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை, தேநீர் மணி,
நூற்றிருபது மெஷினும் ஒரே மூச்சில் நின்றது.
தலைக்கு மேல் நாற்பது டியூப்லைட்.
கேட்டது.
மெல்லிசாக, விடாமல், பல்லுக்குள் இறங்குகிற மாதிரி.

மணி திரும்ப அடித்தும்
கை மிதிக்குப் பின்னால்தான் வந்தது.
அந்த ஒரு மணிக்கு எழுபத்தொன்று.
சூப்பர்வைசர் வந்து நின்றார்.
"என்ன ஆச்சு உனக்கு?"
மேலே கைகாட்டினேன்.
அவர் நிமிர்ந்து பார்த்தார்,
எரிகிறதா என்று.