பதினோராம் கழுத்தறுப்பு

மக்காச்சோளப் பாகு இருபது லிட்டர்,
சிவப்புச் சாயம், ஒரு சொட்டு நீலம்,
கொஞ்சம் கோகோ.
குளிரில் கட்டிப்போகாமல் இருக்க
மூன்று போத்தல் வோட்கா.
முதல் படத்திலிருந்து இதே பக்குவம்.
அப்போது வோட்காவில் பாதி எனக்கு.
இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன்,
முழுதும் ரத்தத்துக்கே.

வின்னிபெக் ஏரியின் உறைந்த முதுகில்
இரவு இரண்டு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
ஜெனரேட்டர் இருமுகிறது,
முகமூடிக்குள் எர்வின் ப்ரீசனும்.
பனி அறுக்கும் ரம்பத்தைத் தூக்கிவரும்
ஏழாவது ஆள் அவன்.
மூன்றாம் படத்தில் எரித்தோம்.
ஐந்தில் புதைத்தோம், மேலே கான்கிரீட்.
எட்டில் குப்பை அரைக்கும் லாரியில் போட்டோம்.
வசூல் வந்தது,
பின்னாலேயே அவனும் வந்தான்.

இந்தத் தடவை
மார்லிஸ் குஸ்மாக்கை அழைத்து வந்திருக்கிறார்கள்.
முதல் படத்தில் தப்பித்த ஒரே பெண்.
தலைக்கு வந்தது அன்று
கம்பளிக் குல்லாயோடு போயிற்று.
முப்பத்தெட்டு வருடம் கழித்து
பாக்கியை வசூலிக்க ரம்பம் வருகிறது.

பத்தொன்பது வயதில் அவள் முகத்தை அச்செடுத்திருக்கிறேன்.
ஒரு கெட்ட கனவுக் காட்சிக்கு.
காட்சி எடிட்டிங்கில் போயிற்று,
தலை மட்டும் என் பட்டறை அலமாரியில்
பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே
கண்மூடி இருக்கிறது.

போன மாதம் புது அச்சு.
மூக்கில் இரண்டு குழாய், முகமெல்லாம் குழைவு,
இருபது நிமிடம் பேசக்கூடாது.
விரல்தான் பேச்சு:
என் மணிக்கட்டில் ஒன்று தட்டினால் சரி,
இரண்டு தட்டினால் எடுத்துவிடு.
பன்னிரண்டாம் நிமிடம் இரண்டு தட்டினாள்.
விளிம்பைப் பிடித்தேன்.
ஒன்று தட்டினாள்.

அச்சுக்குக் கருணை கிடையாது.
தாடைக்குக் கீழே தொய்ந்ததை எடுத்துக்கொண்டது,
தைராய்டுக்கு அறுத்த தழும்பையும்.
வெட்டு எங்கே வரும் என்று
பென்சிலோடு யோசித்துக்கொண்டிருந்தேன்.
“அந்தக் கோட்டிலேயே போ.
சர்ஜன் அளந்து வைத்ததுதானே” என்றாள்.

இயக்குநர் ப்ரெய்டனுக்கு இருபத்தாறு வயது.
இரண்டு தலைகளையும் பார்த்தான்.
டப்பாக்களுக்கு நடுவே இருந்ததைக் காட்டினான்.
“வெட்டும் நேரத்தில் ஒரு நொடி இந்த முகம் வந்தால்?
ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது இவளைத்தான்.”

மார்லிஸ் காபியைக் கீழே வைத்தாள்.
“இவள் தப்பித்துவிட்டாள், தம்பி.
ஓடி, ரோடு ஏறி, லாரிக்காரனிடம் லிஃப்ட் கேட்டாள்.
நீ பிறக்கவே இல்லை.
வெட்டுவதானால் என்னை வெட்டு.”

மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது.
பம்பை அழுத்தினேன்.
வெதுவெதுப்பான பாகு பனியில் விழுந்து
ஆவி பறந்தது.
தலை உருண்டு, எர்வினின் பூட்சில் முட்டி நின்றது.
“மன்னிச்சுக்கோ மார்லிஸ்”
என்றது முகமூடி, மைக்கில் பதிவாகும்படி.

விடிவதற்கு முன் நரிகள் வந்தன, இரண்டு.
சிவந்த பனியை நக்கிக்கொண்டே இருந்தன.
போர்வைக்குள்ளிருந்து அவள்
“சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரும் சொன்னார்” என்றாள்.

அக்டோபரில் ரிலீஸ்.
ஆறாவது வரிசை, நானும் அவளும்.
எங்களுக்கு முன்னால் ஒரு பையன்
“சரியான அறுவை” என்றான்.
நியாயம்தான்.
ஆனால் ரம்பம் தூக்கியதும்
பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்தினான்.

தலை விழுந்தது.
தியேட்டர் முழுக்கக் கைதட்டல், விசில்,
யாரோ அவள் பெயரைக் கத்தினார்கள்.
இருட்டில் என் மணிக்கட்டைத் தேடி
ஒரு விரல் வந்தது.

இரண்டு.

ஒன்று வரும் என்று
கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை
கையை எடுக்காமல் இருந்தேன்.