பதினொரு நிமிடம்

ஜனவரி, உலான்பாத்தர்.
மைனஸ் முப்பத்தொன்று என்று காட்டும்
மருந்துக்கடை வாசலின் சிவப்பு எண்.
நான்காம் மாடி ஜன்னலில் உறைந்த பனியை
நகத்தால் ஒரு நாணயம் அளவு சுரண்டி
மாலைதோறும் கீழே பார்ப்பேன்.
தாம்தினின் கார் வந்திருக்கும்.
விளக்கு அணைந்திருக்கும்.
புகை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும்.
அவன் இறங்க மாட்டான்.

முதல் வாரம் சந்தேகப்பட்டேன்,
யாரிடமோ பேசுகிறான் என்று.
கோட்டுப்பையைத் துழாவினேன்.
கிடைத்தது காய்ந்த ஆரஞ்சுத் தோல்.
இரண்டாம் வாரம் கோபம்.
சூப் ஆறுகிறது,
எக்ஷிக்லென் கணக்கு நோட்டோடு காத்திருக்கிறாள்,
நானும்தான் முப்பது மழலைகளின்
மூக்கைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன்,
எனக்கு எந்தக் கார்?
மூன்றாம் வாரம் எண்ண ஆரம்பித்தேன்.
பதினொரு நிமிடம்.
சில நாள் பன்னிரண்டு.
பதினைந்தைத் தாண்டியதில்லை.

அவன் வேலையைச் சொல்ல வேண்டும்.
நகரத்தின் வெந்நீர்க் குழாய் எங்காவது வெடிக்கும்.
யாரை நோவதென்று தெரியாத ஜனம்
போனை எடுக்கும்.
மறுமுனையில் இவன்.
"வணக்கம், வெப்ப விநியோகம், சொல்லுங்கள்."
சொல்வார்கள்,
இவன் தாயை, இவன் பல்லை, இவன் பிறந்த வேளையை.
ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர்
அவரவர் குளிரை
இவன் காதில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

காரைவிட்டு இறங்கியதும் முதல் காரியம்,
டிக்கியிலிருந்து தடித்த கம்பளியை எடுத்து
என்ஜின்மேல் போர்த்துவான்.
ஓரம் ஓரமாய்ச் செருகுவான்.
இங்கே எல்லோரும் செய்வதுதான்,
இல்லையென்றால் காலையில் கிளம்பாது.
மகளுக்குக்கூட அத்தனை பதமாய் அவன்
போர்த்திவிட்டு நான் பார்த்ததில்லை.

நேற்று நானே இறங்கிப் போனேன்,
வீட்டுச் செருப்போடு, அவனுடைய பழைய கோட்டோடு.
கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன்.
படியிறங்கும்போதே பாதி உதிர்ந்தது.
வாசல் கதவைத் திறந்ததும்
குளிர் அறைந்த அறையில் மீதியும் போயிற்று.
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
முன்சீட்டுக்கு ஏனோ கை போகவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
மடியில் பாதி உரித்த ஆரஞ்சு.

வெகுநேரம் கழித்து
முன்னால் பார்த்தபடியே சொன்னான்:
"இன்று ஒருத்தி.
ஏழு நிமிடம் விடாமல் திட்டினாள்.
மூச்சு வாங்க நிறுத்தினாள். அப்புறம்,
'நீ சாப்பிட்டாயா' என்று கேட்டாள்.
திட்டினது எதுவும் ஒட்டவில்லை, ஹுலான்.
இதுதான்..."
கையை நெஞ்சருகே கொண்டுபோய்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
திரும்ப ஸ்டீயரிங்கிலேயே வைத்துவிட்டான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பெருந்தன்மை எல்லாம் இல்லை,
ஒன்றும் தோன்றவில்லை.
பின்னால் கை நீட்டி ஒரு சுளை தந்தான்.
பல் கூசியது.
எங்கள் மூச்சில் கண்ணாடிகள் வெளுத்து
சற்று நேரம்
வெளியே நகரமே இல்லை.

இன்று மாலை
ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.
சும்மாதான்.
துடைக்க யாருடைய மூக்கும் இல்லாத தெரு.
பையிலிருந்த பால் கல்லாய் இறுகும்வரை நடந்தேன்.
வீட்டருகே வந்து நிமிர்ந்தால்
நான்காம் மாடி ஜன்னலில்
நாணயம் அளவு ஓர் ஓட்டை.
அதில் ஒரு கண்.

கதவைத் திறந்தவள்
"பதினாலு நிமிஷம் லேட்" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.