இருபதுக்குக் கீழே

பிறையில் லாரி எடைமேடையில் வேலை எனக்கு.
எண் இருபது இருபது கிலோவாகத்தான் ஏறும்.
ராத்திரி ஷிப்டில் ஒரு சாம்பல் பூனை
வாலைத் தூக்கிக்கொண்டு மேடையைக் கடக்கும்.
திரையில் பூஜ்யம்.

இன்று காலை பெர்ரியில் தீவுக்குப் போனேன்.
டாக்டர் ஹஸ்லினா தாளைத் திருப்பி வைத்தார்.
இருபதுக்கும் கீழ். "தாப்பி, அடா" என்றார்.
மலாயில் அடா என்றால் இருக்கிறது.
எனக்கு அது தமிழில் கேட்டது,
பின்னாலிருந்து யாரோ அதட்டியதுபோல.

போன தடவை "தென்படவில்லை" என்றிருந்த இடம்.
ஒரு மில்லி ரத்தத்தில் மூன்றா, பதினெட்டா?
அவ்வளவு சின்னதை மெஷின் எண்ணாதாம்.
வாசம் பிடிக்கும், அவ்வளவுதான்.
மருந்து அதேதான். மனைவிக்கும் பயமில்லை.
போய் வாருங்கள்.

எந்த நாள் விட்டேன்?
தைப்பிங்கில் மாமியாரின் சாவு வீடு.
பாய் முழுக்க உறவுக்காரர்கள்,
பையைத் திறக்க ஒரு மறைவில்லை.
விடிந்த பிறகுதான் விழுங்கினேன்.
அந்த ஒரு ராத்திரியா இது?
இல்லை, சும்மா தலைகாட்டிவிட்டுப் போகிறதா?
டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

யோகமலரிடம் ஃபோனில் "நல்லா இருக்கு" என்றேன்.
பொய்யில்லை.

எட்டு ஐம்பதுக்குப் பூனை வந்தது.
மேடை நடுவில் உட்கார்ந்து காலை நக்கியது.
திரையைப் பார்த்தேன், பூனையைப் பார்த்தேன்.
நாலு கிலோவாவது தேறும்.

ஆ செங் லாரியிலிருந்து ஹாரன் அடித்தான்:
"கோசோங்தானே, ஏறட்டுமா?"

இரு, என்றேன்.
அது இறங்கட்டும்.

சட்டைப்பையில் ஒன்பது மணி
அடிக்கத் தொடங்கியது.