நீடாமங்கலம் கேட்

கொரடாச்சேரியில் ஏறும்போதே
முக்காட்டை இறுக்கியிருந்தேன்.
தூசிக்கு, என்று நானாகவே சொன்னேன்,
யாரும் கேட்காதபோது.

நீடாமங்கலத்தில் கேட் போட்டாச்சு.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
முன்னே போகிறது, பின்னே வருகிறது.
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன்
இரண்டாம் முறை ஏறி இறங்கினான்.

கை மேலே போயிருந்தது.
எப்போது போனது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.
வகிட்டுக்கு இடப்பக்கம்
சொரசொரப்பாய் ஒன்று அகப்படும்.
அதைப் பிடுங்கும் வரை
உலகத்தில் வேறு வேலை கிடையாது.
எங்கள் பக்கம் நாற்றுக்கட்டுக்கும் முடி என்றுதான் பேர்.
அந்த முடியைப் பறித்தால் கூலி உண்டு.

தோல் டாக்டர் புழுவெட்டு என்றார்.
"தானா கொட்டுதா?"
"தானா."
அந்த ஒரு சொல்லுக்கு
ஆறு மாதம் களிம்பு.

வைத்தீஸ்வரன்கோயிலில் மூன்று முறை மொட்டை,
வேண்டுதல் ஒன்றும் இல்லாமல்.
என்ன பக்தி என்றார்கள்.
முழு மொட்டைக்கு மரியாதை,
அரை மொட்டைக்குக் கேள்வி.
விரலுக்கு ஒன்றும் அகப்படாத
இரண்டு மாத நிம்மதி.
பிறகு புருவம்.

இ-சேவை மையத்தில்
ஊராரின் காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவள் நான்.
சர்க்கரை, கிட்னி, கர்ப்பப்பை,
எல்லாருடைய உடம்பும் எனக்குத் தெரியும்.
ஒரு மத்தியானம், ஆளில்லாதபோது,
'முடி பிடுங்குதல்' என்று அடித்துப் பார்த்தேன்.
குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது.
அழித்துவிட்டேன்.

தை மாதம் மெடிக்கல் வரை போனேன்.
சீட்டு எழுதுகிறவர்
"மனநலமா?" என்றார், வராந்தா முழுக்கக் கேட்க.
பின்னால் எங்கள் தெரு செங்கமலம்.
தம்பி மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி
குழந்தைகள் வார்டு வரை
நடந்தும் போனேன்.

போன வாரம் இதே கேட்.
கட்டைக்கு அடியில் குனிந்து
தண்டவாளம் தாண்டி
அந்தப் பக்கம் நின்ற ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.
வீட்டில் சொன்ன பொய்
அப்படியே மிச்சமிருந்தது,
இன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரி என் மடியைப் பார்த்தாள்.
ஏழெட்டு முடி.
ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னலைச் சாத்தினாள்,
அவை பறக்காமல் இருக்கவா,
வெயிலுக்கா,
தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஊர் பஸ்
இன்றும் நிற்கிறது.
டிக்கெட்டை விரலில் சுருட்டினேன்.
அவிழ்த்தேன். சுருட்டினேன்.
பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்தெட்டு,
முப்பத்தொன்பது,