எட்டு இல்லாத விசைப்பலகை

ஜேர்மனியிலிருந்து மரியநேசனின் மாமா
எண்பத்தேழில் அனுப்பிய பெட்டி அது.
கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டிய இரவில்
ஒரேயொரு விசையில்தான் உப்புத் தண்ணீர் பட்டது.
அன்றிலிருந்து எட்டு இல்லை.

மல்லாவி நெல்லாலையின் பின்னறை.
ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம்
ஜெனறேற்றரை ஓடவிட முதலாளி சம்மதித்தார்,
மண்ணெண்ணெய்க் காசு எங்கள் பாடு.
உமித்தூசியைத் துடைத்துவிட்டு
கறுப்பு வெள்ளை ரீவியைப் போடுவோம்.
மரியநேசன், நான், ஞானரூபி.
ஆளுக்கு இருபது நிமிடம்.

மிச்சக் கிழமை முழுக்க
கொப்பிதான் கொம்பியூட்டர்.
குப்பி விளக்கடியில் நிரலை எழுதி
விரலால் ஓட்டிப் பார்ப்பேன்:
ஏ-யின் பெறுமதி இப்போது என்ன, பீ-யின் பெறுமதி என்ன.
விரல் முப்பதிலிருந்து பத்துக்குத் திரும்பும்,
திரும்பும்,
திரும்பும்,
எண்ணெய் முடிந்துவிடும்.

இருந்த ஒரு புத்தகத்தில் முதல் முப்பத்தொரு பக்கம் இல்லை.
ஆகவே கொம்பியூட்டர் என்றால் என்ன என்பது
எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.
முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து தெரியும்.
பிழை விட்டால் திரையில் சின்ரக்ஸ் எறர்.
மரியநேசனின் சின்ன அகராதியில் அந்தச் சொல் இல்லை.
இரண்டாய்ப் பிளந்து தேடினான்:
சின் என்றால் பாவம், ரக்ஸ் என்றால் வரி.
பாவத்துக்கு வரியாம்.
"எந்த வரியிலை பாவம்?" என்றாள் ஞானரூபி.
நாற்பதில், என்றது திரை.

வரிகளுக்கு ஏன் பத்துப் பத்தாய் இலக்கம்?
மறந்துபோனதைப் பிறகு இடையில் செருகலாம்.
கண்டுபிடித்தது அவள்தான்.
எங்களுக்கு எழுபதுக்கு அடுத்தது தொண்ணூறு.
கணக்கில் எட்டு வந்தால்
ஏழையும் ஒன்றையும் கூட்டு என்று எழுதுவோம்.

வயதைக் கேட்கும் நிரல் ஒன்று எழுதினாள்.
பெயரைக் கேட்கும், வயதைக் கேட்கும்,
பிறந்த ஆண்டைச் சொல்லும்.
வயதுக்குப் பதிலாகக் கூட்டல் கணக்கு அடித்தால் ஏற்காது.
"அப்ப பதினெட்டு ஒருத்தருக்கும் இல்லை," என்று சிரித்தாள்,
"பதினேழு முடிய நேரே பத்தொன்பது."

சேமிப்பது கசற்றில்.
வீட்டுக்குக் கொண்டுபோய்
சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, தம்பி மிதிக்க,
டைனமோ வெளிச்சத்துக்குப் பதிலாக
தன் நிரலின் கீச்சொலியைக் கேட்பாளாம்.
நாற்பதாம் வரி எந்த இடமென்று தெரியும் என்பாள்.
நாங்கள் நம்பவில்லை.

மாசியில் இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை.
மூன்றாம் ஞாயிறு மரியநேசன்
மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு
"ஆளுக்கு முப்பது" என்றான்.
பத்து நிமிடம் கூடக் கிடைத்தது.
எனக்குச் சந்தோசமாய் இருந்தது.
இந்த வரியை இவ்வளவு காலமும்
இலக்கம் போடாமலே வைத்திருந்தேன்.

கசற் ஒன்றுதான்.
அவளுடையதின் மேல் என்னுடையதைப் பதிந்தேன்.
என்னுடையது சின்னன்.
அது முடிந்த பிறகும்
அவளுடைய மிச்சம் கீச்சிட்டுக்கொண்டே போனது.
தொடக்கம் இல்லாததைப் பெட்டி வாசிக்காது.
நான் காதை வைத்துக் கேட்டேன்.
நாற்பது தாண்டியிருக்கும்.

அந்தக் கசற் எந்த இடத்தில் விடுபட்டதென்று தெரியும்.
அதைச் சொல்லப்போவதில்லை.

இப்போது கிளிநொச்சியில்
கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன்.
கண்ணாடிக் கதவு, குளிரூட்டி,
எட்டு உள்ள விசைப்பலகைகள் பதினொன்று.
போன கிழமை, புதிதாய்ச் சேர்ந்த யதுர்சனா
என் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"அண்ணை, இதிலை ஏன் 7+1 எண்டு கிடக்கு?
எட்டு எண்டே போடலாமே?"

போடலாம், என்றேன்.
போட்டாள்.
விடை மாறவில்லை.
பிறகு பிளேன்ரீ குடிக்கப் போனோம்.