மூன்று இலக்கம்

மொனாஸ்டிரில் முதல் சுற்று.
எதிரே நின்ற செக் பெண்
காற்றைக் குறை சொல்லி நடுவரிடம் போனாள்.
எனக்குச் சிரிப்பு.
தங்கச்சிமடத்தில் ஆனிமாதக் கச்சான்
கூரைத் தகரத்தையே சர்வ் அடிக்கும்.

பந்தை உயரத் தூக்காதே,
கைக்கு எட்டும் தூரத்திலேயே வை.
இதைப் பயிற்சியாளர் யாரும் சொல்லித்தரவில்லை;
பாலத்துக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில்
வெடித்த சிமெண்டுத் தளத்திலிருந்து
கடலுக்குப் போன பந்துகள் சொன்னது.

6-4, 7-5.
திங்கட்கிழமை, தரவரிசை 994.
டைட்டஸ் அண்ணன் பட்டியலைப் படம் பிடித்து
குடும்பக் குழுவில் போட்டான்:
"மூணு இலக்கம்டி ஜெரோசா!"
அடுத்த சுற்றில் நாற்பது நிமிடத்தில் தோற்றிருந்தேன்.
பரிசுப் பணத்தில்
விடுதி, மட்டைக்கு நரம்பு போக
மதுரையிலிருந்து வீட்டுக்கு
ஒரு பஸ் டிக்கெட் மிஞ்சியது.

மறு திங்கள்
போன வருடத்துப் புள்ளி ஒன்று காலாவதி.
1021.

அவனிடம் சொல்லவில்லை.
ஏலக் கூடத்தில் இன்னும்
அந்தப் படத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான்,
செதில் ஒட்டிய இரு விரலால்
விரித்து, விரித்து,
என் பெயர் தெரியும்வரை.