பதினான்கு பேருக்கான பட்டியல்

வியாழன் இரவு. ஸ்காபரோவில் எங்கள் குசினி மேசை.
மின்சாரக் கட்டணம் வந்த உறையின் முதுகில்
எழுதத் தொடங்குகிறேன்:
பதினான்கு பேர், மூன்று இரவு, இரண்டு கூலர்.

முட்டை ஐந்து டசின் என்றதும்
"ஆர் இவ்வளவும் தின்னிறது?" என்கிறாள்
போனில் தர்மினி.
போன வருசம் ஞாயிறு காலை
கடைசி முட்டைக்காக ரெஜினோல்டும் மதுரனும்
ஆளுக்கொரு துடுப்போடு நின்றதை
அவள் மறந்துவிட்டாள்.

ஆட்டிறைச்சிக் கறியைச் செவ்வாயே காய்ச்சி
உறைய வைத்தாயிற்று, செங்கல் செங்கலாக.
சிவப்புக் கூலரின் அடியில் கிடந்து
மற்றதையெல்லாம் குளிர வைத்தபடி
தான் மெல்ல மெல்ல இளகி
சனி இரவுக்குச் சரியாகக் கறியாகிவிடும்.
இப்படியொரு மனிதர் எங்கள் கூட்டத்தில் இல்லை.

பாண் எட்டு றாத்தல்.
சம்பல் மாசி போட்டு ஒரு போத்தல், போடாமல் ஒரு போத்தல்.
வாகீசன் வெள்ளி சைவம், சனி அசைவம்,
ஞாயிறு எது மிஞ்சுகிறதோ அது.
இடியப்பம் வேண்டாம்;
நுளம்புக்கு நடுவில் உரல் பிழிய
எவருக்கும் மூன்றாவது கை இல்லை.

துஷாந்தியின் கணவர் கொலின்
ஒரேயொரு சொல் அனுப்பியிருக்கிறார்:
"கரடி?"

ஆகவே கரடிக்கும் ஒரு வரி.
மணக்கிற எதுவும் இரவில் கூடாரத்துக்குள் கிடக்கக் கூடாது.
பற்பசை, உதட்டுக் களிம்பு, பிள்ளையின் பால்மா,
கொலினின் புதினா மிட்டாய் உட்பட
எல்லாம் வானுக்குப் போய்விட வேண்டும்.
(வான் என்றால் ஆகாயம் இல்லை,
ஜெயரூபனின் பழைய டொயோட்டா.)
கருவாடு கூடாது என்று இரண்டு தரம் கோடு கீறினேன்.
கருவாடு எப்படியும் வரும்,
சுகிர்தாவின் கைப்பையில்,
மூன்று பைக்குள் சுற்றி,
பைக்கு வெளியே முழுவதும் மணந்துகொண்டு.

இனிக் குடிவகை.

பியர் நாற்பத்தெட்டு. விஸ்கி இரண்டு, ஜெயரூபன் பொறுப்பு.
போன வருசக் கணக்கில்
தாஸ் என்ற பெயருக்கு நேரே
நான் சிரித்துக்கொண்டே எழுதிய எண் இருக்கிறது.
இப்போது பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய், கறி அடுப்பில் இருக்கும்போது எடுத்தான்.
"மச்சாள், நான் இந்தமுறை வரேல்லை."
பிறகு கன நேரம் ஒன்றுமில்லை.
பின்னால் ஏதோ பேருந்து நின்று போனது.
"எண்பத்தொரு நாள்" என்றான்.
என்ன கணக்கென்று நான் கேட்கவில்லை.
கறி அடிப்பிடிக்கத் தொடங்கியது.
"வா" என்றேன்.
"கேப்பாங்கள்."
"கேக்க விடமாட்டன்."

வாய் சொல்லிவிட்டது. இப்போது பட்டியல் செய்ய வேண்டும்.

நாற்பத்தெட்டை முப்பத்தாறாக்கினால் ஜெயரூபன் எண்ணுவான்.
எண்ணினால் கேட்பான்.
ஒருவன் கேட்டால் நெருப்பைச் சுற்றிப் பதின்மூன்று முகமும் திரும்பும்.
ஆகவே நாற்பத்தெட்டு அப்படியே, நீலக் கூலரில்.
சிவப்பில், கறிக்கட்டிகளுக்குப் பக்கத்தில்
இஞ்சிப் பியர், மண்ணிறப் போத்தல், இரண்டு டசின்.
இருட்டில் எல்லாப் போத்தலும் ஒரே சாதி.
பெயர்: நான்.
காரணம்: நெஞ்செரிவு, டொக்டர் மறித்துவிட்டார்.
அந்தக் கூலரின் மேல் மூன்று இரவும்
நான்தான் குந்தியிருப்பேன்.

மணப்பதைப் பூட்டி வைக்கக்
கரடிக்கு மட்டுமா பழகியிருக்கிறோம்.

தர்மினிக்கு வாசித்துக் காட்டுகிறேன்.
"இரண்டு டசின் இஞ்சிப் பியரோ? ஆருக்கு?"
"எனக்கு."
அவள் வீட்டில் தண்ணீர்க்குழாய் ஓடுகிறது. நிற்கிறது.
"அப்ப எனக்கும் ஆறு போடு" என்கிறாள்,
வேறொன்றும் கேட்காமல்.

ஆறு போட்டேன்.
கூலருக்குள் இடம் காணாது.
முட்டையை நாலு டசினாக்கினேன்.
ஞாயிறு காலைத் துடுப்புச் சண்டைக்கு
நான் பொறுப்பில்லை.